வயிற்றுக்குள் காரீயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீராத வயிற்றுவலி, வாரக்கணக்கில் மலச்சிக்கல், எல்லாச் சோதனையும் நார்மல். இப்படி அலைகிறவர்களில் சிலருக்குக் காரணம் குடலில் இல்லை, உடம்பில் சேர்ந்த காரீயத்தில் இருக்கிறது. அது வந்த வழியைத் தேடிப்போனால் பெரும்பாலும் அடுப்படியிலோ வேலை பார்க்கும் இடத்திலோ போய் முடியும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ஈயம் என்றாலே விஷம்தானா?

இல்லை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு ஓடுகிறது. வெள்ளீயம் (டின்) வேறு, காரீயம் (லெட்) வேறு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் பூச்சும் வெள்ளீயமாக இருக்க வேண்டியவை. அது வயிற்றுக்குள் போனாலும் உடம்பு மிகக் கொஞ்சமே உறிஞ்சும். பழைய பேட்டரி, மீன் வலையில் கட்டும் குண்டு, பற்றவைக்கும் சால்டர் கம்பி, பழைய எனாமல் பெயின்ட் ஆகியவற்றில் இருப்பது காரீயம். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சிக்கல் விலையில் தொடங்குகிறது. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. இரண்டும் சுலபமாகக் கலக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க "ஈயம்" என்று பொதுவாகச் சொல்லாமல், எது என்று பிரித்தே சொல்கிறோம். மருத்துவரிடம் பேசும்போது நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

காரீயத்தால் வரும் வயிற்றுவலி எப்படி இருக்கும்?

தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சாப்பாட்டோடு நேரடித் தொடர்பு இருக்காது. வலிக்கும்போது ஆள் குனிந்து இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொள்வார், அழுத்தினால் கொஞ்சம் இதமாகவும் இருக்கும். குடல்வால் அழற்சியில் தொட்டாலே துள்ளுவார்கள், வயிறு பலகை போல விறைக்கும். இங்கே வலி அவ்வளவு கடுமையாக இருந்தும் வயிறு மெத்தென்று இருக்கும், காய்ச்சல் இருக்காது. கூடவே மலச்சிக்கல், பசியின்மை, வாயில் இரும்பைச் சப்பியது போன்ற ருசி, காரணம் தெரியாத இரத்தசோகை. சிலருக்குப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக் கறுப்பாக மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடு இல்லை என்பதற்காகக் காரீயமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த வலியைக் குடல்வால் என்று நினைத்து அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. இது புது நோயும் அல்ல. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களுக்குக் கொத்துக்கொத்தாக இதே வலி வந்தது. மது பிழியும் செக்கிலும் தொட்டியிலும் இருந்த காரீயமே காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல் எடுத்துக்காட்டினார். அங்கே ஆப்பிளின் புளிப்பு காரீயத்தைக் கரைத்தது. நம் அடுப்படியில் அந்த வேலையைப் புளி செய்கிறது.

குடலை ஏன் இப்படிப் பிடிக்கிறது?

குடலின் தசை சுருங்கி விரிவதற்குக் கால்சியம் வேண்டும். காரீயம் கால்சியம் போலவே நடித்து அதன் இடத்தில் புகுந்துகொள்ளும். இன்னொரு பக்கம், இரத்தச் சிவப்பணு உருவாகத் தேவையான ஒரு நொதியை அது முடக்கும். அந்த வேலை பாதியில் நிற்பதால் அமினோலெவுலினிக் அமிலம் தேங்கும். இது குடலை இயக்கும் நரம்புகளைக் கெடுக்கும். ஒரே கோளாறிலிருந்து வலியும் வருகிறது, இரத்தசோகையும் வருகிறது. வயிற்றுவலிக்காரரின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாகவும், சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெளித்தது போலவும் இருந்தால் காரீயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வயிற்றுவலி பெரும்பாலும் இரத்தத்தில் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 40 மைக்ரோகிராமைத் தாண்டிய பிறகே வரும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதற்கு வெகு முன்பே, 5-க்குக் கீழேயே அடிபடத் தொடங்கிவிடும். யுனிசெஃப், ப்யூர் எர்த் ஆகிய இரண்டு அமைப்புகளும் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 5-ஐத் தாண்டிய குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வயிறு வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காரீயம் உறுதியானால், வலி இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

சாப்பிடுகிற காரீயம் முழுவதும் உடம்பில் ஏறுமா?

பெரியவர் சாப்பாட்டோடு விழுங்கினால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும். அதையே வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதிக்கு மேல் ஏறலாம். குழந்தைகள் சாதாரணமாகவே 40 முதல் 50 சதவீதம் வரை உறிஞ்சுவார்கள். இரும்புச்சத்துக் குறைந்த குடல் கிடைத்ததையெல்லாம் இழுக்கும், ஏனென்றால் இரும்பு உள்ளே போகும் வாசல் வழியாகத்தான் காரீயமும் போகிறது. இரத்தசோகை உள்ள குழந்தை ஒரே வீட்டில், ஒரே தூசியில், மற்றக் குழந்தையைவிட அதிகம் பாதிக்கப்படுவது இப்படித்தான்.

இரத்தத்தில் ஏறியது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் அதில் பெரும்பகுதி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பத்து, இருபது ஆண்டு என்று தங்கும். பெரியவர் உடம்பிலுள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான்.

பாட்டி காலத்து ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

சுத்த வெள்ளீயமாக இருந்தால் வைக்கலாம். அதை உறுதி செய்வதுதான் பாடு.

வீட்டில் பார்க்கக்கூடியவை சில. சொம்பின் அடிவிளிம்பை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்தால் பென்சில் போலக் கருஞ்சாம்பல் கோடு விழுகிறதா? காரீயம் நிறைய இருந்தால் விழும். எடை போட்டும் பார்க்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயம் 11.3. சொம்பை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்தில், உள்ளே காற்று தங்காதபடி சாய்த்து முழுக்கி, வழிந்த தண்ணீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். 730 கிராம் சொம்பு சுத்தமாக இருந்தால் 100 மில்லி வழிய வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் 93 மில்லிதான் வழியும்.

ஆனால் இந்தச் சோதனையில் சொம்பு தோற்றால் மட்டுமே பயன். 5 சதவீதம் கலந்திருந்தால் வழிவது 98 மில்லி. அந்த 2 மில்லி வித்தியாசம் அடுப்படிக் குவளையில் தெரியாது. கொதிக்கும் புளித்தண்ணீருக்கு அந்த 5 சதவீதமே தாராளம். அதனால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில், என்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் காட்டிவிடுவதே சரி. சொம்பு சேதமாகாது, சில நிமிட வேலை. வாய்விளிம்பு, உடல், அடி என்று மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை அடைத்த சொம்பானால் அடைத்த இடத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஓட்டை அடைக்க வைக்கும் பற்று பெரும்பாலும் காரீயம் கலந்த சால்டர்.

சுத்த வெள்ளீயமே என்று தெரிந்த பிறகும், புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காலிச் சொம்பைத் தணலில் வைத்து மறந்தால் அடி உருகி அடுப்பில் ஓடும். ரசத்தைச் சொம்பிலேயே மறுநாள் வரை வைக்காதீர்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது?

பூசுகிறவர் உங்கள் கண்முன் பூசினாலும் அவர் கையில் இருக்கும் கட்டி எது என்று கண்ணால் சொல்ல முடியாது. பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, கட்டியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் பரப்புவார். அந்த ஒரு இழுப்பில் என்ன போகிறதோ அதுதான் அடுத்த ஓராண்டு உங்கள் குழம்பில் கரையும். சோதித்த சுத்த வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்லலாம். முடியாவிட்டால் புளி, தக்காளி, மோர் சேர்ந்த எதையும் அதில் சமைக்காமல் எவர்சில்வருக்கு மாறுங்கள்.

பழைய இரும்பு கடையில் சேரும் கண்ட உலோகங்களை உருக்கி வார்க்கும் மலிவு அலுமினியப் பாத்திரங்களிலும் இதே ஆபத்து உண்டு. இண்டாலியம் வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. முத்திரையும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத வார்ப்புப் பாத்திரம் வேண்டாம்.

மஞ்சள் தூளில் காரீயம் எப்படி வருகிறது?

கிழங்கு பளிச்சென்று தெரிய, பாலிஷ் போடும்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். இது பெயின்ட் தொழிலுக்கான பொருள். பங்களாதேஷில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு சோதனையும் தண்டனையும் தீவிரமானபின் 2021-இல் அது பூஜ்யமானது. நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் பாட்னாவில் எடுத்த மாதிரிகளில் ஒரு கிராம் மஞ்சளில் 1000 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு உணவு வழியாக நாளுக்கு 8.8 மைக்ரோகிராம், குழந்தைக்கு 2.2 என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லை வைத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் மஞ்சளில் கிராமுக்கு 10 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. நாளுக்கு ஒரு கிராம் மஞ்சள் சாப்பிட்டால், சட்டத்துக்கு உட்பட்ட தூளே அந்த எல்லையைத் தாண்டிவிடும். இந்த அனுமதி குறைக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வீட்டுக்கு: பாலிஷ் போடாத, மேல்தோல் கரடுமுரடாக மங்கலாக இருக்கும் விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து அரையுங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு விரலியைப் போடுங்கள். உடனே தண்ணீர் அடர்மஞ்சளாக மாறினால் சாயம் ஏற்றியது, வேண்டாம். நிறம் விடாததால் மட்டும் அது சுத்தம் என்று ஆகிவிடாது.

சித்த, ஆயுர்வேத மருந்துகள்?

மூலிகைக் கஷாயமும் சூரணமும் ஒரு வகை. உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூரம் வேறு வகை. இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

பெயரும் குழப்பும். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் காரீயம். சித்த நூல்கள் காரீயத்தைக் கருவங்கம் என்றும், வெள்ளீயத்தை வெள்வங்கம் என்றும் சொல்லும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தாலோ, லேபிளே இல்லாமல் பொட்டலத்தில் கொடுத்தாலோ, எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மீதியுள்ள மருந்தையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் இதைச் சொல்வதில்லை. அதனாலேயே காரணம் மாதக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

வேறு எங்கிருந்தெல்லாம் வரும்?

பேட்டரி உடைக்கும், உருக்கும் வேலை முதலிடம். அங்கே வேலை செய்பவரின் சட்டையிலும் செருப்பிலும் தூசி வீட்டுக்கு வரும். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றி, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கை கழுவாமல் பீடியோ டீயோ கூடாது.

கடற்கரை ஊர்களில் வலைக்குக் காரீயக் குண்டு கட்டும் வீடுகளில் குழந்தைகள் அதை வாயில் போடுவார்கள். விழுங்கிவிட்டால், மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். இரைப்பை அமிலத்தில் குண்டு கரையும், சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் அளவு ஏறத் தொடங்கும். அன்றே எக்ஸ்ரே எடுங்கள். குண்டு இரைப்பையில் இருந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிட வேண்டும்.

பழைய கதவு, ஜன்னலைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் நாட்களில் கர்ப்பிணியும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். உலர்ந்த உப்புத்தாள் போடாமல், ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சு எதையும் நம்ப வேண்டாம். தினமும் ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது. தண்ணீர் வற்றும், காரீயம் அப்படியே நிற்கும், செறிவு கூடும். ஆர்ஓ வடிகட்டி நீக்கும். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் சில நிமிடம் திறந்துவிட்டு, அதை வாளியில் பிடித்து வீடு கழுவப் பயன்படுத்திவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். குடிநீருக்கான இந்திய எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்?

இரத்தக் காரீய அளவு, நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில். விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். நுண்ணுலோகப் பரிசோதனைக்கான குழாயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் தரும். லிட்டருக்கு 50 என்றால் டெசிலிட்டருக்கு 5. இதைக் கவனிக்காமல் 50 என்று பதறியவர்களும் உண்டு, உண்மையான 50-ஐ 5 என்று நினைத்து விட்டவர்களும் உண்டு. 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு 45-ஐத் தொட்டால் மருந்து கொடுத்து உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சை வேண்டும். கர்ப்பிணி எந்த அளவிலும் தள்ளிப்போடக் கூடாது, எலும்பில் இருப்பது கர்ப்பக் காலத்தில் கரைந்து வந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

முடி பரிசோதனை வேண்டாம். உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் அளந்து "பாருங்கள், எவ்வளவு விஷம்" என்று காட்டுவதும் வேண்டாம். அந்த மருந்தைச் சாப்பிட்டால் யாருக்கும் சிறுநீரில் அளவு ஏறும்.

பேதிக்குச் சாப்பிட்டு, குடலைச் சுத்தம் செய்தால் வெளியேறிவிடாதா?

எலும்பில் இருப்பது பேதியில் வராது. டீடாக்ஸ் டீ, குடல் கழுவல், கரித்தூள் மாத்திரை எதுவும் அதைத் தொடாது. கரித்தூளில் காரீயம் ஒட்டுவதே இல்லை. சுத்தம் செய்கிறோம் என்று பட்டினி கிடந்தால், வீட்டில் வந்துகொண்டிருக்கும் காரீயம் வெறும் வயிற்றில் இன்னும் வேகமாக ஏறும். ஒரே ஒரு விலக்கு: வயிற்று எக்ஸ்ரேயில் பெயின்ட் செதிலோ உலோகத் துகளோ வெள்ளையாகத் தெரிந்தால், மருத்துவமனையில் வைத்து பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலால் குடலைக் கழுவுவார்கள்.

மருத்துவமனையில் என்ன மருந்து கொடுப்பார்கள்?

வாய்வழி மருந்து சக்சிமர். 19 நாள் முறை, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். தீவிரமானால் கால்சியம் டைசோடியம் இடிடிஏ நரம்பில் ஏற்றுவார்கள். பெயரில் "கால்சியம்" இருக்க வேண்டும். அது இல்லாத டைசோடியம் இடிடிஏ தவறாகக் கொடுக்கப்பட்டு, இரத்தக் கால்சியம் சரிந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. இயற்கை மருத்துவ நிலையங்களில் "உலோக நீக்க ட்ரிப்" என்று இடிடிஏவை ஏற்றிக்கொள்ளவே கூடாது.

மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அளவு மறுபடி ஏறினால் பயப்பட வேண்டாம், எலும்பிலிருந்து இறங்கி வருகிறது. மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. ஆனால் வீட்டில் காரணமான பொருள் அப்படியே இருக்கும்போது மருந்தைத் தொடங்குவது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் இறைப்பதுதான். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

வயிறு காலியாக இல்லாமல் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு தவறக் கூடாது. கால்சியத்துக்குக் கேழ்வரகு, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். இரும்புக்கு முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம், இரும்பை உறிஞ்ச விடாது. இவை புதிதாக ஏறுவதைக் குறைக்கும், ஏறியதை இறக்காது. கர்ப்பிணி சாம்பல், மண், சாக்பீஸ் தின்ன ஆசைப்பட்டால் மசக்கை என்று சிரித்துவிடாமல் இரும்புச்சத்தைச் சோதியுங்கள். அந்த மண்ணிலேயே காரீயம் இருக்கலாம்.

காரீயம் இருப்பதாகத் தெரிந்த சொம்பை என்ன செய்வது?

பாத்திரக் கடையில் பழசுக்குப் புதுசு மாற்றாதீர்கள், அது உருகி இன்னொரு வீட்டுச் சொம்பாகிவிடும். வேலைக்காரம்மாவுக்கும் கொடுக்காதீர்கள். பூச்செடி வைக்கவும் தண்ணீர் வைக்கவும் வேண்டாம். அடியில் ஆணியால் இரண்டு துளை போட்டு, "காரீயம், சமையலுக்கு ஆகாது" என்று துணி நாடாவில் எழுதி ஒட்டுங்கள். பிறகு உரிமம் பெற்ற பேட்டரி மறுசுழற்சி நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். அதுவரை சாக்கில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.